முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு முந்தைய விளக்க வகுப்பு: ஒரு மதிப்பீடு

திருச்சியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை, முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்துக்கொண்டவர்களுக்காகச் சனிக்கிழமை முற்பகலில் ஒரு விளக்க வகுப்பு நடத்துகிறது. அறுபத்தெட்டு வயதான என் அம்மாவுக்குத் துணையாக நானும் அதில் அமர்ந்திருந்தேன். அவருக்கு அங்கே தொடர் பரிசோதனைகள் இன்னும் நடந்துவருவதால் மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன். அங்கே என்ன சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்ற விவரம், இதே அறுவைக்கு வீட்டுப் பெரியவர்களை அழைத்துச் செல்லவிருக்கும் எவருக்கும் பயன்படும். வகுப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை. வீட்டிலிருந்து ஒருவர் கட்டாயம் உடன் வர வேண்டும் என்பதும், அறுவைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே வந்துவிட வேண்டும் என்பதும்தான் நிபந்தனைகள்.

அம்மா கத்திக்குப் பயப்படவில்லை. தேய்ந்த மூட்டோடு பல வருடங்களாகப் படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்கிப் பழகியவர் அவர். வலியைப் பற்றி அதிகம் பேசியதும் கிடையாது. பாதி அறுவையில் நினைவு வந்துவிட்டால் என்ன ஆகும், முதுகில் ஊசி போட்டால் ஆயுளுக்கும் இடுப்பு வலி வருமாமே, தாலியைக் கழற்றச் சொல்வார்களா, ராத்திரியில் பாத்ரூம் போக யாரைக் கூப்பிடுவது, காலை மடக்க முடியாமலே போய்விட்டால் பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவேனே என்ற கேள்விகள்தான் அவரைத் தூங்கவிடாமல் செய்தன. இவற்றில் ஒன்றைக்கூட அவர் மருத்துவரிடம் கேட்கவில்லை. கூட்டம் நிறைந்த புறநோயாளர் பிரிவில், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவரிடம் தாலியைப் பற்றி எப்படிக் கேட்பது? "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்ற ஆறுதலோடு வெளியே வந்தோம். மனதில் கிடந்த கேள்விகளுக்கு அக்கம்பக்கத்தார்தான் பதில் சொன்னார்கள், அதுவும் எங்கோ யாருக்கோ நடந்த மோசமான கதைகளாக.

வகுப்பு நடந்த அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் முழங்கால் மாதிரி, உண்மையான மூட்டுக் கருவி ஒன்று, சுவரோரம் வாக்கர்கள், உயரம் கூட்டிய கழிப்பறை இருக்கை. வகுப்பை நடத்திய மூத்த செவிலியர், பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே மூட்டுக் கருவியை எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தொடை எலும்பின் முனையில் பொருத்தும் உலோகத் தொப்பி, கீழ்க்கால் எலும்பின் மேல் வைக்கும் தட்டு, இரண்டுக்கும் இடையே வெள்ளை நிறத்தில் வழுவழுப்பான பாலிஎதிலீன் துண்டு. அம்மா அதை வாங்கி எடை பார்ப்பவர்போல உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். மடக்கினார், நீட்டினார், பக்கத்தில் இருந்த பெண்மணியிடம் கொடுத்தார். மூட்டை முழுவதுமாக வெட்டி எறிந்துவிட்டு வேறொன்றை வைப்பார்கள் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். தேய்ந்த எலும்பு முனைகளின் மேற்பரப்பை மட்டும் சீவி, அதன் மேல் இதைப் பொருத்துகிறார்கள் என்று கையால் தொட்டுப் புரிந்துகொண்டபோது அவர் முகத்தில் தெரிந்த தெளிவை நான் நேரில் பார்த்தேன்.

என் கணிப்பில் இந்த வகுப்பின் உயிர்நாடி, மயக்கவியல் மருத்துவர் வந்து பேசிய அரை மணி நேரம்தான். அறுவையின் வழிமுறையை விளக்கும் படங்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அந்த நேரத்தில் நோயாளியின் உடம்புக்கு என்னென்ன தெரியும், என்னென்ன கேட்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. இவர் அதை மட்டுமே சொன்னார். கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து முதுகை வளைக்கச் சொல்வோம், ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம், முதுகில் மருந்து தடவும்போது சில்லென்று இருக்கும், அதன் பிறகு எறும்பு கடித்ததுபோல் ஒரு குத்தல், ஊசி போட்ட சற்று நேரத்தில் இடுப்புக்குக் கீழே சூடு பரவும், கால் கனத்துப்போகும், பிறகு அசைக்க முடியாது. இவ்வளவையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, மிக முக்கியமான ஒன்றுக்கு வந்தார்: தொடுவதும் இழுப்பதும் அழுத்துவதும் ஓரளவு தெரியும், வலி மட்டும் தெரியாது. பல நோயாளிகள் பதறிப்போவது இந்த இடத்தில்தானாம். யாரோ காலைத் தொடுவது தெரிந்தவுடன், மருந்து வேலை செய்யவில்லை, இப்படியே வெட்டப்போகிறார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். தொடு உணர்வு மிஞ்சியிருப்பது இயல்பு என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு அந்தப் பதற்றம் வர வழியில்லை.

அறுவை அரங்கில் ரம்பமும் சுத்தியலும் பயன்படும், தச்சுப்பட்டறையில் கேட்பதுபோன்ற சத்தம் வரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. வேண்டாம் என்பவர்களுக்குக் காதில் பாட்டு வைப்போம், அல்லது தூக்க மருந்து கொஞ்சம் கொடுப்போம், எது வேண்டும் என்று நீங்களே சொல்லலாம் என்றார். இடுப்பு வலி பற்றிய கேள்வியை யாரும் கேட்பதற்கு முன் தானே எடுத்தார். ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம், சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் கூடும் தலைவலி வரலாம், அதற்குச் சிகிச்சை உண்டு, ஆயுளுக்கும் நீடிக்கும் இடுப்பு வலிக்கு இந்த ஊசி காரணமில்லை என்று நிதானமாக விளக்கினார். அறுவை முடிந்ததும் உடம்பு தூக்கித் தூக்கிப்போடும் அளவுக்கு நடுங்கலாம், அது காய்ச்சல் நடுக்கம் அல்ல, சூடான போர்வை போட்டால் அடங்கும். சிறுநீர்க்குழாய் இருக்கும்போது ஓயாமல் சிறுநீர் வருவதுபோன்ற முட்டல் இருக்கும். தொடையில் இறுக்கிக் கட்டும் பட்டையால் மறுநாள் முழங்காலைவிடத் தொடை அதிகமாக வலிக்கலாம். இவை எல்லாம் மருத்துவர்களுக்குச் சில்லறை விஷயங்கள். படுத்திருப்பவருக்கோ ஒவ்வொன்றும் ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்பதற்கான அறிகுறியாகத் தோன்றும்.

இப்படி முன்கூட்டிச் சொல்வதால் பலன் உண்டா என்ற கேள்வி பழையது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்கவியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் வயிற்று அறுவை செய்துகொண்ட 97 பேரிடம் நடத்திய ஆய்வு 1964-இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு மட்டும், அறுவைக்குப் பின் எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும், எப்படிப் புரண்டு படுத்தால் குறையும் என்று முந்தைய நாளே சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட அபின் வகை வலிமருந்து மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வீட்டுக்கும் சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே அனுப்பப்பட்டார்கள். யாருக்கு விளக்கம் கிடைத்தது என்பது அவர்களை வீட்டுக்கு அனுப்ப முடிவெடுத்த அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது என்பதால் இந்த முடிவுக்கு எடை கூடுகிறது.

ஆனால், மூட்டு மாற்று அறுவையில் முன்விளக்கத்தின் பலனை ஆராய்ந்த பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு 2014-இல் சொன்னது அவ்வளவு உற்சாகம் தருவதாக இல்லை. 18 சோதனைகள், 1463 நோயாளிகள். வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டால் பதற்றத்திலோ வலியிலோ பெரிய கூடுதல் நன்மை இருப்பதாக உறுதிப்படுத்த முடியவில்லை, கெடுதலும் இல்லை என்பதே அதன் சாரம். அந்தச் சோதனைகளில் கையேடு கொடுத்ததும், படம் காட்டியதும், நேரில் அமர்ந்து பேசியதும் எனப் பல வகைகள் கலந்திருந்தன. விளக்கம் கொடுத்தோம் என்று பதிவேட்டில் ஒரு டிக் அடிப்பதற்கும், நோயாளியின் உடம்பு உணரப்போவதை வரிசையாகச் சொல்வதற்கும் மிகுந்த வேறுபாடு இருக்கிறது என்பது நான் இந்த வகுப்பில் கண்கூடாகப் பார்த்தது. அம்மாவின் வலியை இந்த வகுப்பு குறைத்தது என்று நான் சொல்லமாட்டேன். முதல் மூன்று இரவுகள் கடுமையாகத்தான் இருந்தன. வலிக்கும்போது, ஏன் வலிக்கிறது என்று தெரியாத திகில் மட்டும் அவரிடம் இல்லை.

செவிலியர் எடுத்த பகுதியில், எப்போது எதைச் சாப்பிடலாம் என்பது தெளிவாக இருந்தது. முந்தைய இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டை நம்மில் பலர் இன்னும் கடைப்பிடிக்கிறோம். இட்லி போன்ற லேசான உணவை ஆறு மணி நேரம் முன்பும், எண்ணெய், இறைச்சி சேர்ந்ததை எட்டு மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்று இன்றைய மயக்கவியல் வழிகாட்டுதலின்படி சொன்னார்கள். பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது, உணவுக் கணக்கில்தான் வரும் என்பதை இரண்டு முறை அழுத்திச் சொன்னது நல்லது, ஏனென்றால் அறையில் இருந்த பாதிப் பேர் விடியற்காலைக் காபியைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். மாத்திரைப் பட்டையை ஒவ்வொருவரும் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை எது, டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரையை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டியவர் யார் என்று குறித்துக்கொண்டு, நிறுத்துவதை மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்றார்கள். நாட்டு மருந்து, லேகியம் சாப்பிடுவதையும் மறைக்காமல் சொல்லச் சொன்னார்கள்.

பிறகு செவிலியர் தாமாகவே நகைகளைப் பற்றிப் பேசினார். அறுவை அரங்கில் இரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துவதால் உடம்பில் உலோகம் இருந்தால் தோல் பொசுங்கும் ஆபத்து உண்டு, கை வீங்கினால் மோதிரம் இறுகும் என்று காரணத்தைச் சொன்னார். "தாலியும் மெட்டியும் கழற்றத்தான் வேணும்மா. முந்தின நாள் ராத்திரியே ரூம்ல, வீட்டுக்காரர் கையில குடுத்துருங்க. தியேட்டர் வாசல்ல நின்னுக்கிட்டு அவசரமா கழற்ற வேண்டாம்" என்று அவர் சொன்னபோது அறையில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறொரு ஊரில் என் சித்திக்குக் கர்ப்பப்பை அறுவை நடந்தபோது, ஸ்ட்ரெச்சரில் படுத்த நிலையில் தாலியைக் கழற்றச் சொல்லி அவர் அழுதுகொண்டே உள்ளே போனது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மறக்கவில்லை. அதே செயலை எப்போது, எங்கே, யார் முன்னிலையில் செய்வது என்பதை ஒரு நாள் முன்னதாக மாற்றிவைத்ததுதான் இங்கே வேறுபாடு. அம்மா அதை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, மஞ்சள் தடவிய கயிறு ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

இயன்முறை சிகிச்சையாளரின் பகுதி சுருக்கமாக இருந்தாலும் செயல்முறையாக இருந்தது. வாக்கரைப் பிடித்து நடக்கவும், பாதத்தை மேலும் கீழும் அசைக்கவும், முழங்காலுக்குப் பின்னால் துண்டைச் சுருட்டிவைத்துத் தொடைத் தசையை இறுக்கவும் அங்கேயே பழக்கினார்கள். அறுவைக்குப் பின் வலியோடு புதிதாகக் கற்றுக்கொள்வதைவிட இது எவ்வளவோ எளிது. வலியை 0 முதல் 10 வரை எண்ணாகச் சொல்லவும் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பெண்களிடம் வலிக்கிறதா என்று கேட்டால் தாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். தாங்கிக்கொண்டு படுத்தே கிடந்தால் மூட்டு இறுகிவிடும், கெண்டைக்காலில் இரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து கூடும், அதனால் ஐந்துக்கு மேல் போனாலே மணியடித்துக் கூப்பிட வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். அம்மா வாழ்நாளில் முதல்முறையாகத் தன் வலியை ஓர் எண்ணாகச் சொல்லி மருந்து கேட்டது இந்த வகுப்பின் பலன் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அறுவை நாளன்று இதன் பயனை ஒப்பிட்டுப் பார்க்கும் சூழல் தானாகவே அமைந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மையாருக்கும் அன்றே அதே அறுவை. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர்கள்; சனிக்கிழமை வேலையை விட்டு வர முடியாததால் அவர்களுக்கு வகுப்பு கிடைக்கவில்லை. நடுக்கம் வந்தபோது அம்மா போர்வை கேட்டார். அந்த அம்மையார் தனக்கு ஜன்னி கண்டுவிட்டது என்று அலறினார். கால் அசையவில்லை, கால் போய்விட்டது என்று மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சில மணி நேரத்தில் உணர்வு திரும்பிவிடும் என்று அவருக்குச் சொல்லி அமைதிப்படுத்தியவர் எங்கள் அம்மா.

இந்த வகுப்பில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். வர முடிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிறது. வாரத்தில் ஒரு நாள், அதுவும் முற்பகலில் வைத்தால், அன்றாடக் கூலி வேலை செய்பவர்களும் தொலைவில் இருப்பவர்களும் விடுபட்டுப்போவார்கள். அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் நோயாளிகளிடம் பேசுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அது அன்றாடச் சேவையின் ஒரு பகுதி. மூட்டு அறுவைக்கும் அப்படி ஒருவர் இருந்தால், அறுவைக்கு நாள் குறிக்கும் அன்றே பேசி முடித்துவிடலாம்.

இரண்டாவது குறை, வகுப்பு மருத்துவமனையின் வாசலோடு நின்றுவிடுவது. வீட்டுக்கு வந்த பிறகு வரும் வாரங்களைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லவில்லை. தையலுக்குக் கீழே கெண்டைக்கால் வரை இரத்தம் இறங்கிக் கருநீலமாகப் படர்ந்தபோது வீடே கலங்கிவிட்டது. அது தானாக மறையும், முழங்கால் மாதக்கணக்கில் சூடாகவே இருக்கும், நடக்கும்போது உள்ளே டக்கென்று சத்தம் கேட்கலாம், தழும்பின் வெளிப்பக்கம் மரத்தே இருக்கலாம், தூக்கம் கெட்டு மனம் சோர்ந்துபோவதும் பலருக்கு உண்டு என்பதையெல்லாம் தொலைபேசியில் நாங்களாகக் கூப்பிட்டுக் கேட்ட பிறகே சொன்னார்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, தையலில் சீழ் தெரிந்தாலோ உடனே வர வேண்டும் என்ற எச்சரிக்கை மட்டும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், வயதானவர்கள் படிக்க முடியாத பொடி எழுத்தில் இருந்தது.

பணத்தைப் பற்றியும் போதிய அளவு பேசவில்லை. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, காப்பீட்டு அட்டையின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். முழங்கால் மூட்டுக் கருவிகளுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விலை விதித்தது. கருவிக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு, காப்பீடு எதை ஏற்கும், எதை ஏற்காது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால், செலவை நினைத்து உள்ளுக்குள் மருகிக்கொண்டிருந்த பெரியவர்களுக்குப் பாதி நிம்மதி கிடைத்திருக்கும்.

எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் எழுந்தது. ரம்பம், சுத்தியல் என்று பேச்சு வந்தபோது ஒரு பெரியவர் முகம் வெளிறி வெளியே எழுந்து போய்விட்டார். விவரம் தெரிந்தால் தெளிவடைபவர்களும் உண்டு, விவரம் கூடக்கூடக் கலங்குபவர்களும் உண்டு. இதைக் கண்டறிவதற்காகவே நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் உருவாக்கிய ஆறே கேள்விகள் கொண்ட அளவுகோல் 1996 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அவற்றில் நான்கு பயத்தைப் பற்றியவை, இரண்டு எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதைப் பற்றியவை. வகுப்புக்கு முன் அந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால், அந்தப் பெரியவருக்குத் தேவையானதை மட்டும் தனியே சொல்லி, மீதியை அவர் மகனிடம் சொல்லியிருக்கலாம். அறுவையின் தன்மை, நன்மை, ஆபத்து, மாற்று வழிகள் ஆகியவற்றைப் போதிய அளவு விளக்கிய பிறகே ஒப்புதல் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாக்கியிருக்கிறது. அந்தக் கடமையையும் கைவிடாமல், கேட்பவரின் மனநிலையையும் பார்த்துப் பேசுவது பயிற்சியால் வரக்கூடியதுதான்.

குறைகள் இருந்தாலும், இந்த அறுவைக்குச் செல்பவர்கள் இப்படி ஒரு வகுப்பு எங்கே கிடைத்தாலும் தவறவிடக் கூடாது என்பதே என் பரிந்துரை. மருத்துவமனையில் வகுப்பு இல்லாவிட்டால், அறுவைக்கு முன் மயக்கவியல் மருத்துவரைத் தனியே பார்க்க நேரம் கேளுங்கள். எனக்கு என்னென்ன தெரியும், என்னென்ன கேட்கும், விழித்தவுடன் எப்படி இருக்கும் என்ற மூன்று கேள்விகளை எழுதியே எடுத்துச் செல்லுங்கள். துணைக்குப் போகிறவர், வீட்டில் இரவு உடனிருந்து பார்த்துக்கொள்ளப்போகிறவராகவே இருக்கட்டும். அம்மாவின் இடது முழங்காலுக்கும் இப்போது நாள் குறித்தாகிவிட்டது. ஏற்கெனவே வந்தவர்களும் மறுபடி வரலாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை அவருடன் அப்பா போகிறார், வீட்டுக்கு வந்த பிறகு என்ன எதிர்பார்க்க வேண்டும் என்ற கேள்விகளின் பட்டியலோடு.